ஒலி நான்கில்

புந்தா அரேனாஸில் வெள்ளி இரவு.
நீரிணையிலிருந்து எழுந்த காற்று
கடன் கேட்டு வந்தவனைப் போல
தகரக் கூரையைத் தட்டிக்கொண்டிருக்கிறது.
யாஸ்னாவுக்கு நண்டு ஆலையில் இரவு ஷிப்ட்.
சோபாவில் நானும் மிர்கோவும்,
நடுவில் ஒரு கிண்ணம் சோளப்பொரி.
உப்பு அதிகம். நான்தான் போட்டேன்.

படம் அவன் தேர்வு.
அவனுக்குப் பதினோராம் முறை, எனக்கு முதல் முறை.
மற்ற பத்து வெள்ளிக்கிழமைகளில்
நான் எங்கிருந்தேன் என்று அவன் கேட்கவில்லை.
துறைமுகத்தில், கிரேன் மேலே.
சில வெள்ளிகளில் அங்கும் இல்லை.

நீர்நாய்க் குடும்பம் ஒன்று.
பனிப்பாறை உடைந்து அவர்கள் வீடு
கடலில் மிதக்கத் தொடங்குகிறது.
கால் மணி நேரத்தில் தூங்கிவிடுவேன் என்று
எனக்கு நானே பந்தயம் கட்டியிருந்தேன்.
நீர்நாய் அப்பன் தலையில் ஒரு தொப்பி.
நீர்நாய்க்கு எதற்கடா தொப்பி என்றேன்.
"வழுக்கை," என்றான்
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடல் அரக்கன் வந்தான்.
நூறு கைகள், பல்லிடுக்கில் உடைந்த கப்பல்கள்.
பையன் பயந்துவிடுவானோ என்று
கண்ணை மறைக்கக் கை நீட்டினேன்.
அந்தக் கையைப் பிடித்து
கிண்ணத்தின் பக்கம் திருப்பிவிட்டான்.
"இவன் ஒண்ணும் பண்ண மாட்டான் பப்பா.
பசி. அவ்வளவுதான்."

பிறகு ஒரு சாதாரணக் காட்சி.
நீர்நாய் அம்மா மேசையில் தட்டுகளை வைக்கிறாள்.
நீர்நாய் அப்பா கதவைத் திறக்கிறான்.
கொஞ்சம் தாமதம்.
இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை,
இசைகூட இனிமையாகத்தான் இருந்தது.

மிர்கோவின் கை
மெத்தை இடுக்கில் ரிமோட்டைத் தேடியது.
இருபது. பதினான்கு. ஒன்பது. நான்கு.
திரையின் ஓரத்தில் பச்சைக் கோடுகள்
ஒவ்வொன்றாக அணைந்தன.
அதற்குப் பிறகுதான்
அவர்கள் சண்டை போட ஆரம்பித்தார்கள்.
வாய்கள் அசைந்தன.
ஒரு தட்டு பஞ்சு போல விழுந்து உடைந்தது.

இத்தனை முறை பார்த்தவனுக்கு
இடம் தெரியாமலா இருக்கும் என்று
சமாதானம் சொல்லிக்கொண்டேன்.
ஆனால் அந்தக் கட்டைவிரல்
வேறெங்கோ பழகியிருந்தது.

போன மாதம் ஒரு ராத்திரி
கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு
சாப்பிட உட்கார்ந்திருந்தான்.
வீட்டுக்குள் எதற்கடா தொப்பி என்று
அதட்டிக் கழற்றினேன்.
கழற்றிய கையோடு
யாஸ்னாவிடம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.
வாடகை, அவள் அண்ணன், என் குடி.
எது முதலில் என்று இப்போது நினைவில்லை.

காட்சி முடிந்தது.
ஒலி மறுபடி இருபதுக்கு ஏறியது.
"இனிமே நல்லா இருக்கும்," என்றான்,
விருந்தாளியிடம் சொல்வதைப் போல.
அங்கே அவங்க என்ன பேசிக்கிட்டாங்க என்று கேட்டேன்.
"தெரியாது. நான் கேட்டதே இல்ல."

கடைசியில் சேர்ந்துடுவாங்களா?
அவன் யோசித்தான்.
ஒரு பொரியை வாயில் போட்டு, உப்பு தாங்காமல்
முகத்தைச் சுளித்து, விழுங்கினான்.
"கடைசியில எல்லாரும் ஒரே பாறையில தூங்குவாங்க.
ஆனா எப்படின்னு காட்ட மாட்டாங்க."

பந்தயத்தில் தோற்றேன்.
தூங்கியது அவன்தான், என் முழங்கையில்,
பாறை வருவதற்கு முன்பே.
நான் மட்டும் முடியும்வரை பார்த்தேன்.
உண்மைதான், காட்டவில்லை.
ஒரு அலை வருகிறது, இருட்டாகிறது,
அடுத்து எல்லோரும் தூங்குகிறார்கள்.

விடிகாலையில் யாஸ்னா வந்தாள்.
கைகளில் நண்டு வாசம், காலணியில் பனி.
கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
"கேஸுக்குப் பணம் கட்டினியா?"

இல்லை, மறந்துவிட்டேன் என்றேன்,
நான்காம் எண்ணில்.

நின்று என்னைப் பார்த்தாள்.
"என்ன, தொண்டை கட்டிக்கிச்சா?"